ஒரு கட்டைக்கு ஓர் ஒலி: சாம்ப்ளர் கருவிகளில் ஒலிப்பகிர்வின் வரலாறு

பதிவுசெய்த ஒலியைக் கட்டைப்பலகையில் வாசிக்கும் முயற்சி கணினிக்கு முற்பட்டது. 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவான மெல்லோட்ரான், அமெரிக்கரான ஹாரி சேம்பர்லினின் கருவியை அடியொற்றியது. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் தனியொரு காந்தநாடா உண்டு. 1970இல் வெளிவந்த எம்400 வகையில் கட்டைகள் 35, நாடாக்களும் 35. ஒவ்வொரு சுரமும் தனியே வாசித்துப் பதியப்பட்டமையால், மேல்சுரத்திலும் புல்லாங்குழல் புல்லாங்குழலாகவே ஒலித்தது. ஆனால் ஏறத்தாழ 8 நொடிகளில் நாடா தீர்ந்துவிடும்.

எண்முறைக் கருவிகள் இந்தச் சிறப்பை முதலில் இழந்தே தொடங்கின. 1979இல் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கிய ஃபேர்லைட் சி.எம்.ஐ. கருவியில் ஓர் ஒலித்தடத்திற்கு 16 கிலோபைட் நினைவகமே இருந்தது. நொடிக்கு 16,000 மாதிரிகள் வீதம் 8 பிட்டில் பதிந்தால், அது ஏறத்தாழ ஒரு நொடிக்கே போதும். 1981இல் வந்த ஈ-மு எமுலேட்டரோ 128 கிலோபைட் நினைவகத்தைக் கொண்டு, கட்டைப்பலகையின் இரு பாதிகளுக்கு இரண்டு ஒலிகளை மட்டுமே தந்தது. ஆகவே ஒரே பதிவைப் பல கட்டைகளுக்குப் பரப்ப நேர்ந்தது. இதனை இசைத்தேவை என்பதினும் நினைவகப் பஞ்சத்தின் விளைவு என்பதே பொருந்தும்.

பதிவு தன் இயல்பான வேகத்தில் ஒலிக்கும் கட்டை மூலக்கட்டை எனப்படும். (சுருதியையே 'கட்டை' எனச் சுட்டும் தமிழிசை வழக்கிற்கு இச்சொல் அயலன்று.) அதிலிருந்து அரைச்சுரம் ஏறுந்தோறும் வேகம் 1.059 மடங்காகும், ஒரு ஸ்தாயி ஏறினால் வேகம் இரட்டித்து ஒலிநேரம் பாதியாகும். இழப்பு அதனோடு நிற்பதில்லை. வயலினின் மரப்பெட்டியும் மனிதரின் வாயறையும் எச்சுரத்திலும் தத்தம் அதிர்வியல்பை ஏறத்தாழ மாற்றுவதில்லை. வேகமாற்றமோ அவ்வியல்பையும் சேர்த்தே நகர்த்துகிறது. முதிர்ந்த பாடகரின் குரல் சில கட்டைகள் தள்ளிப் பொம்மைக்குரலாவது இதனாலேயே.

தீர்வாக, ஓர் இசைக்கருவியைப் பல சுரங்களில் பதிந்து, ஒவ்வொரு பதிவுக்கும் குறுகிய எல்லை வகுக்கும் முறை பரவியது. கீழெல்லை, மேலெல்லை, மூலக்கட்டை என்னும் மூன்று எண்களே அதன் அடிப்படை. 1983இல் வந்த மிடி நெறி, சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்ணிட்டு அதற்குப் பொதுமொழி அளித்தது. மென்பொருள் சாம்ப்ளர்கள் இம்மூன்றையும் இன்றும் கேட்கின்றன. வேவ் கோப்பினுள்ளேயே மூலக்கட்டையின் எண்ணைப் பொதிந்துவைக்க இடமுண்டு. பொதியப்படாதவிடத்துக் கோப்பின் பெயரே துணை. அங்கேதான் குழப்பம் எழுகிறது: 60ஆம் எண்ணுடைய சுரத்தை யமஹா 'சி3' என்கிறது, வேறு பலர் 'சி4' என்கின்றனர். பெயரை நம்பி இறக்கிய தொகுப்பு முழுதும் ஒரு ஸ்தாயி பிறழ்ந்து அமையக்கூடும்.

1998இல் நெமிசிஸ் நிறுவனத்தின் கிகாசாம்ப்ளர் ஒலியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்து, எஞ்சியதை வன்தட்டிலிருந்து உடனுக்குடன் படித்தது. பியானோவின் 88 கட்டைகளையும் தனித்தனியே, முழு நீளத்தில் பதிந்து வாசிக்க வழி பிறந்தது. மெல்லோட்ரானின் நெறி, 8 நொடி வரம்பு நீங்கி, 35 ஆண்டுகளுக்குப் பின் மீண்டது எனலாம். ஆயினும் எல்லை வகுக்கும் முறை மறையவில்லை. வன்தட்டில் இடம் மிகுந்த பின்னரும், ஒவ்வொரு சுரத்தையும் பல ஒலியழுத்தங்களில் வாசித்துப் பதியும் கலைஞரின் உழைப்பு குறையவில்லை. மூன்று நான்கு கட்டைகளுக்கு ஒரு பதிவு என்னும் சிக்கனம் அதனால் இன்றும் தொடர்கிறது.