கட்டுமானத் தகவல் மேலாண்மை அளவீடு
கட்டுமானத் திட்டத்தில் வரைபடம், அளவுப்பட்டியல், ஒப்பந்தக் கடிதம் முதலியவை உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்கின்றனவா, சேராவிட்டால் இழப்பு எவ்வளவு என்று கணக்கிடும் முறை. இதில் பெரிதும் எடுத்தாளப்படுவது, அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் தொழில்நுட்ப நிறுவனம் (நிஸ்ட்) 2004இல் வெளியிட்ட ஆய்வு. ஒருவரின் கணினிக் கோப்பு இன்னொருவரின் மென்பொருளுக்குப் பிடிபடாமை போன்ற குறைகளால் 2002இல் மட்டும் அந்நாட்டில் 1,580 கோடி டாலர் வீணானதாக அது மதிப்பிட்டது. வணிக, நிறுவன, தொழிற்சாலைக் கட்டடங்களே கணக்கில் சேர்ந்தன, வீடுகள் சேரவில்லை.

தகவல் தடையின்றிக் கைமாறும் ஒரு கற்பனை நிலையோடு நடப்பை ஒப்பிட்டுச் செலவை மூன்றாகப் பிரித்தனர்: சிக்கலைத் தவிர்க்க ஒரே வேலைக்குப் பல மென்பொருள்கள் வைத்திருப்பது, தரவைக் கையால் மறுபடி ஏற்றித் திருத்துவது, தாமதத்தால் வரும் நட்டம். கட்டியவர்களைவிட உரிமையாளரும் பராமரிப்போருமே மிகுதியாக இழந்தனர். அவர்கள் பங்கு 1,060 கோடி. கட்டி முடித்தபின் எது எங்கே இருக்கிறது என்று தேடிச் சரிபார்க்கும் உழைப்பும் அதில் அடக்கம். நேர்காணல், வினாப்படிவம் வழி வந்த மதிப்பீடு என்பதால் இதைத் துல்லிய எண்ணாகக் கொள்ளக் கூடாது. ஆயினும் திட்டத்தின் வெற்றியை ஒப்படைப்பு நாளோடு அளந்து முடிப்பது தவறு என்பதை இது சுட்டிக்காட்டியது. பின்னாளில், இத்தகைய தகவல் மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 19650இன் முதல் இரு பகுதிகள் 2018இல் வெளிவந்தன.