கப்பலின் அடிநீர்

நம் முன்னோரில் பலரை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏற்றிவந்த ரஜூலா கப்பல் 1926இல் கட்டப்பட்டது. இயந்திரக் கப்பல் எதுவானாலும், அடித்தளத்தில் எண்ணெயும் கசிவுநீரும் கலந்து தேங்கும். பயணிகள் கண்ணில் அது படாது. அதை இறைத்துக் கடலிலேயே கொட்டுவது அந்நாளைய வழக்கம்.

கடலில் எண்ணெய் கொட்டுவதைத் தடுக்க அதே 1926இல் வாஷிங்டனில் நாடுகள் கூடிப் பேசின. பேச்சோடு சரி, ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. 1954இல்தான் லண்டனில் உடன்பாடு பிறந்தது: கரையிலிருந்து 50 மைலுக்குள் கொட்டும் நீரில், பத்து லட்சத்துக்கு 100 பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கலாகாது. 1983இல் நடப்புக்கு வந்த மார்போல் உடன்படிக்கையின்படி இன்று 15 பங்குதான்.

குழம்பில் எண்ணெய் மேலே மிதப்பதை நாம் அறிவோம். கப்பலிலுள்ள பிரிப்பானும் அப்படித்தான் எண்ணெயைப் பிரிக்கிறது. ஆனால் அடித்தளத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலோ, எண்ணெய் நீரோடு கலந்துவிடும்; எளிதில் பிரியாது. சிறு படகில், துணியால் ஒற்றியெடுத்துக் கரைக்குக் கொண்டுவருவதே நல்லது.