சிரிப்பு வீட்டுக்கு வந்த கதை

திருத்தணி மலையடிவாரக் கடைகளில் ஒரு காலத்தில் கந்த சஷ்டி கவசமும் கவுண்டமணி செந்தில் காமெடியும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்தவர்கள் விபூதியும் முருகன் படமும் வாங்கிய கையோடு இரண்டு விசிடியையும் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினார்கள். சாமிப் பாட்டு வீட்டுக்குப் போவதில் புதுமை இல்லை, இசைத்தட்டுக் காலத்திலிருந்தே அது வீட்டில் இருக்கிறது. முழு நீள நகைச்சுவைப் படம் ஒன்று, காசு கொடுத்து வாங்கி நம் பீரோவில் வைத்துக்கொள்ளும் பொருளானது அப்படியல்ல. அதற்குக் கால் நூற்றாண்டு பிடித்தது.

அந்தக் கதையை ‘மைக்கேல் மதன காம ராஜன்’ படத்தை வைத்துச் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அது இந்த எல்லை ஊருக்கு நெருக்கமான படமும்கூட. 1960 மார்ச் 31 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி, புத்தூர்ப் பக்கம் போனால் இன்றைக்கும் வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி. படத்தின் இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவ் நெல்லூர் மாவட்டத்து உதயகிரிக்காரர். தெலுங்கர் ஒருவர் இயக்கிய தமிழ்ப் படத்தில் கமல்ஹாசன் நான்கு பேராக வருகிறார். அந்த நால்வரில் சமையல்காரர் காமேஸ்வரன் பேசுவது பாலக்காட்டுத் தமிழ். பிறகு படம் ‘மைக்கேல் மதன காமராஜு’ என்று தெலுங்குக்கும் போனது.

1990 தீபாவளிக்குத் திரைக்கு வந்தபோதே மக்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பே படத்துக்கு இடைஞ்சலாகவும் இருந்தது. கிரேசி மோகன் எழுதிய வசனத்தில் ஒரு சொல் இன்னொரு சொல்லாகப் புரளும். அதைப் பிடித்துக்கொண்டு நாம் சிரிக்கத் தொடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழும் காட்சியில் அரங்கம் அதிர்ந்தால், அதன்பின் டெல்லி கணேஷும் கமலும் பேசுவது யாருக்கும் கேட்காது. நாகேஷ் திருட்டுத்தனம் செய்துவிட்டு முழிக்கும் முழியைப் பார்த்தால் பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்பதைத் தவறவிடுவோம். இந்த மாதிரிப் படம் ஒரு தடவையில் முழுதாகக் கைக்கு வராது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை பார்க்க வேண்டும், அதுவும் நடுவில் நிறுத்தி, திருப்பிப் போட்டு. தியேட்டரில் அதற்கு வழியில்லை. வீட்டில் இருந்தது.

வீட்டுக்கு வந்த முதல் கருவி, வீடியோ கேசட்டை ஓட்டும் ‘டெக்’. அதன் இரு வகைகளில் சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-லும் ஜேவிசியின் விஎச்எஸ் 1976-லும் ஜப்பானில் பிறந்தன. 1982-ல் டெல்லி ஆசியப் போட்டியை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் வீடியோவும் பரவியது. சொந்தமாக டெக் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு வாடகை. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காது குத்து, கருமாதி என்று எந்த விசேஷமானாலும் ராத்திரிக்கு டெக்கும் டிவியும் வரும். தெருவில் பாய் விரித்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். முதலில் சாமிப் படம், அப்புறம் எம்ஜிஆரோ ரஜினியோ, கண் சொருகும் நேரத்தில் எல்லோரையும் எழுப்பி உட்கார வைக்க ஒரு காமெடிப் படம். கேசட் கடையில் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டவர்களைவிட, “அண்ணே, அந்த சாம்பார்ல மீன் விழுமே, அந்தப் படம் இருக்கா?” என்று கேட்டவர்கள்தான் அதிகம். காட்சிதான் படத்துக்கு அடையாளம். ஹெட்டில் அழுக்கு சேர்ந்து கோடு கோடாக ஓடினாலும், ரீவைண்ட் பொத்தானை அழுத்தி ஒரே காட்சியை மூன்று முறை பார்த்தார்கள்.

இதில் பெரும்பகுதி உரிமையில்லாத பிரதிகளில் நடந்தது. தயாரிப்பாளர்களுக்குத் தியேட்டர் வசூல்தான் உயிர். வீடியோவுக்கு உரிமை கொடுத்தால் அரங்கம் காலியாகும் என்ற பயத்தில் பலர் கொடுக்கவே இல்லை. கொடுக்காத இடத்தில் திருட்டு நுழைந்தது. 1984-ல் தமிழ்நாடு, டெக்கில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு மத்திய அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, தணிக்கைச் சான்றும் தயாரித்தவர் பெயர் முகவரியும் வீடியோவில் இருக்க வேண்டும் என்றது. சட்டம் தண்டனையைத் தந்தது. மக்கள் வாங்கக்கூடிய நேர்மையான பிரதியை அது தரவில்லை.

அந்தப் பிரதி முதலில் கிடைத்தது கடல் தாண்டிப் போன தமிழர்களுக்குத்தான். 1987-ல் லண்டனில் தொடங்கிய ஐங்கரன் நிறுவனம் புலம்பெயர்ந்த தமிழர்களுக்காகப் படங்களை முறையாக உரிமை வாங்கி வெளியிட்டது. பின்னாளில் துல்லியமான படம், ஆங்கிலத் துணைத்தலைப்பு என்று டிவிடிகள் வந்தன. தமிழில் எடுத்த படத்தின் நல்ல பிரதி லண்டன் கடையில் கிடைத்தது. படம் எடுத்த சென்னையிலிருந்து எண்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் திருத்தணிக்காரருக்குக் கிடைத்தது திருட்டு கேசட். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்து விசிடி. 1993-ல் வகுத்த தரம் அது. ஒரு தட்டில் 74 நிமிடம் பிடிக்கும், ஆகவே தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டாவது வேண்டும். முதல் தட்டு முடியும் இடம் கிட்டத்தட்ட இடைவேளையிலேயே விழுந்ததால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. எழுந்து தட்டை மாற்றுகிறவர் அப்படியே காபியும் போட்டுக்கொண்டு வருவார். டேப்பைப் போல இழுபடுவதில்லை, சிக்குவதில்லை, வேண்டிய இடத்துக்கு ரிமோட்டில் தாவலாம். நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் வெட்டிக் கோத்த தட்டுகளும் வந்தன. ஆனால் அசல் விசிடியின் விலை திருட்டு விசிடியைப் போலப் பல மடங்கு. 2004-ல் தமிழக அரசு வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அப்போதும் விலை அப்படியேதான் இருந்தது.

2007 வாக்கில் அந்தக் கணக்கை மாற்றியது மோசர் பேர். வெற்றுத் தட்டு தயாரிப்பதில் உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று அது. விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று அறிவித்தது. தட்டு சொந்த ஆலையில் அடித்தது, படங்களின் உரிமையை மொத்தமாக வாங்கியது, ஒவ்வொன்றிலும் லாபம் குறைவு, விற்பனை அதிகம். திருட்டு விலைக்கே அசல் கிடைக்கும்போது திருட்டை வாங்க யாருக்கு என்ன காரணம் இருக்கிறது? சட்டத்தால் ஆகாததை விலை செய்தது. ‘காதலிக்க நேரமில்லை’ காலத்துப் பழைய நகைச்சுவைகளுக்கெல்லாம் திரும்பவும் ஒரு சந்தை உண்டென்று அப்போது தெரிந்தது. காவடி கொண்டுவந்தவரின் பையில் விழுந்த தட்டுக்கு முதல்முறையாக நேர்மையான விலை கிடைத்தது.

அந்த வியாபாரம் நீடிக்கவில்லை. படத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேறு வழிகளைத் தேடினார்கள். 2013-ல் கமல் ‘விஸ்வரூபம்’ படத்தை டிடிஎச் வழியாக வீட்டுக்கே தர முயன்றபோது தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள். 2015-ல் இயக்குநர் சேரன் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை 50 ரூபாய் டிவிடியாக வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குள் சிரிப்பு செல்போனுக்குப் போய்விட்டது. 2018-ல் மோசர் பேரைக் கலைக்கக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

ஆனால் அந்தத் தட்டும் டேப்பும் செய்து முடித்த வேலை நிலைத்துவிட்டது. ‘மைக்கேல் மதன காம ராஜன்’, 2002-ல் வந்த ‘பஞ்சதந்திரம்’ மாதிரிப் படங்களை வரிக்கு வரி ஒப்பிக்கும் தலைமுறை ஒன்று இருக்கிறது. அவர்களில் பலர் அவற்றைத் தியேட்டரில் பார்த்ததே இல்லை. கூடத்தில் தாத்தாவோடும் அத்தை மகனோடும் உட்கார்ந்து, நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்த்தவர்கள். தியேட்டர் அந்தப் படங்களுக்கு வசூல் தந்தது. தலைமுறை தாண்டும் ஆயுளைத் தந்தது வீடு.

அதனால்தான் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. இன்று அந்தப் படங்கள் இணையத்தில் துண்டு துண்டாக, மங்கலாக, நான்கு ஓரமும் வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. நம் சாமிப் பாட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், அதுபோல நம் சிரிப்பையும் வைத்திருக்க வேண்டும். உரிமை வைத்திருப்பவர்கள் மூல நெகட்டிவ் அழிவதற்குள் அதைச் சுத்தம் செய்து, முழுப் படமாக, எளிய விலையில் வெளியிடட்டும். எளிய விலையில் அசல் கிடைத்தால் மக்கள் வாங்குவார்கள். 28 ரூபாய் அதை ஒரு முறை நிரூபித்தது.