பலவீனத்தின் பலம்: செங்கல்பட்டுச் சேரிகளும் பவுலின் கடிதமும்

1

ஒடுக்கப்பட்ட மக்கள் ஏன் கிறிஸ்தவர்களானார்கள் என்ற கேள்விக்கு நம்மிடம் இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஒன்று, சோத்துக்காகப் போனாங்க. இன்னொன்று, வெள்ளைக்காரன் ஏமாத்திக் கூட்டிட்டுப் போனான். முதலாவதை மேல்சாதி இந்துவும் சொல்கிறார், மேல்சாதிக் கிறிஸ்தவரும் சொல்கிறார். இரண்டாவதைத் தேசியவாதி சொல்கிறார். சில சமயம் நம் இடதுசாரித் தோழர்களும் சொல்கிறார்கள். இரண்டு பதில்களுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மதம் மாறிய அந்த மனிதர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார் என்பதை ஒப்புக்கொள்ள மறுப்பது. வயிறு இருக்கும், மூளை இருக்காது என்று நினைப்பது.

நான் எடுத்துக்கொள்ளும் பகுதி சிறியது. படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற வழியில் உள்ள சேரப்பணஞ்சேரியையும் அதைச் சுற்றிய பழைய செங்கல்பட்டு ஜில்லாவையும் மட்டுமே பேசப் போகிறேன். இன்று இது கார்களும் கைபேசிகளும் உற்பத்தியாகும் நிலம். நூற்றிமுப்பது ஆண்டுகளுக்கு முன்னால் நிலத்துக்கும் சேரிக்கும் கடவுளுக்கும் இடையே ஒரு பெரிய வழக்கு இங்கே நடந்தது. அதன் ஆவணங்கள் நமக்குக் கிடைக்கின்றன. ஆனாலும் அதை நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்பதுதான் என் வாதம்.

2

மிராசு முறை இப்பகுதியின் முதுகெலும்பு. ஊர் நிலத்தின் மீது மிராசுதாரருக்கு உரிமை, அந்த நிலத்தில் உழைக்கும் பறையருக்குக் கடமை. அடிமைத்தனத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடையாது என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் சொல்லிவிட்டது. படியாளின் வாழ்வில் அந்தக் காகிதம் பெரிதாக எதையும் மாற்றவில்லை. காரணம் எளிது. அவர் குடியிருந்த குடிசையின் மண்கூட அவருடையது இல்லை. எதிர்த்துப் பேசினால் வேலை மட்டும் போகாது, வீடும் போகும். தரிசு நிலத்தை எடுத்து உழலாம் என்று சர்க்காருக்கு தர்க்காஸ்து போட்டாலும் மிராசுதாரருக்குத்தான் முன்னுரிமை.

1876–78 தாது வருஷப் பஞ்சம் இந்த மக்களைத்தான் முதலில் தின்றது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் சேரிகள் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவத்தை நோக்கி நகர்ந்தன. தனி ஆளாக அல்ல, உறவும் தெருவுமாக. ஸ்காட்லாந்தின் ஃப்ரீ சர்ச் சார்பில் செங்கல்பட்டில் ஆதம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் சபை சார்பில் திருவள்ளூர்ப் பக்கம் வில்லியம் கௌடி ஆகியோர் இவர்களிடையே வேலை செய்தவர்கள்.

மிஷனரிமார் ஆவலோடு கைநீட்டி இம்மக்களை வரவேற்றார்கள் என்று நினைக்கக் கூடாது. அரிசிக்காக வருகிறார்களோ என்ற சந்தேகம் அவர்களுக்கே இருந்தது. சாதி என்பது மதம் சார்ந்த விஷயம், இங்குள்ள அடிமைத்தனம் மென்மையானது, எனவே அரசு தலையிட வேண்டியதில்லை என்ற காலனிய நம்பிக்கையும் ஓங்கி நின்றது. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட 'தி பறையா ப்ராப்ளம்' நூல் இதை விரிவாக அலசுகிறது. அவரைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஆன்மாவைப் பற்றி மட்டும் பேச வந்த மிஷனரியை நிலத்தைப் பற்றிப் பேச வைத்தவர்கள் சேரி மக்கள்தான். வீட்டு மனை, தரிசு, கிணறு, பொய் வழக்கு என்று அவர்கள் கொண்டுபோய்க் கொட்டிய வழக்குகள் மிஷனரிகளை மாற்றின. போதித்தவர் யார், போதனை பெற்றவர் யார் என்பதே இங்கு குழம்பிப்போகிறது.

1891இல் செங்கல்பட்டின் பொறுப்புக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட அரசாணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. ஆண்ட்ரூ 1890களில் கிறிஸ்தவ உழவர்களுக்காகக் குடியிருப்புகளை உண்டாக்கினார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மெல்ரோசாபுரம் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. மெல்ரோஸ் என்பது ஸ்காட்லாந்தில் ஓர் ஊர். ஸ்காட்டுக்காரர் வைத்த பெயர்தான். ஆனால் அங்கே குடியேறியவருக்கு அதன் பொருள் வேறு: ஊரும் இல்லை, சேரியும் இல்லை, மூன்றாவதாக ஓர் இடம்.

3

இனி கடவுள் விஷயத்துக்கு வருவோம். நிலத்துக்காகத்தான் போனார்கள் என்றால் நிலம் கிடைக்காதவர்கள் திரும்பியிருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு நிலம் கிடைக்கவில்லை. கிடைத்தது அடியும் வெளியேற்றமும்தான். ஆனாலும் பலர் அங்கேயே நின்றார்கள். எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்?

ஒரகடம் பக்கத்தில் ஒரு வயதான அம்மாவிடம் இதைக் கேட்டேன். "ஊருக்குள்ள எங்க அப்பனுக்குப் பேரே கெடையாது தம்பி. டேய்னா அதான் பேரு. ஞானஸ்நானத்தப்போ அய்யரு பேரு என்னான்னு கேட்டாராம். கேட்டு பொஸ்தகத்துல எழுதினாராம். அதயே சாவுற வரிக்கும் சொல்லிக்கினு இருந்தாரு" என்றார்கள். நில ஆவணத்தில் இல்லாத ஒருவர் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறார். அடங்கலில் இல்லாத பெயர் ஆண்டவருடைய புத்தகத்தில் இருக்கிறது. ஆவணம் என்பது அதிகாரத்தின் கருவி என்று நாம் ஃபூக்கோவை வைத்துக்கொண்டு எழுதுகிறோம். பெயரே மறுக்கப்பட்டவருக்கு, எழுதப்படுவது என்பது வேறொரு அனுபவம்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதங்களை இந்தப் பின்னணியில் படிக்கலாம். கொரிந்து ஒரு துறைமுக வியாபாரப் பட்டணம். அங்கிருந்த சபையில் படித்தவர், பலமுள்ளவர், குலப்பெருமை உள்ளவர் அதிகம் இல்லை என்று பவுலே ஒப்புக்கொள்கிறார். உலகம் இழிவாக நினைப்பதைத்தான் கடவுள் தேர்ந்துகொண்டார் என்கிறார். இரண்டாம் கடிதத்தின் 12ஆம் அதிகாரத்தில் தன் உடம்பில் குத்திக்கொண்டிருக்கும் ஒரு முள்ளைப் பற்றிப் பேசுகிறார். அதை எடுத்துவிடும்படி மூன்று தடவை கேட்டும் எடுக்கப்படவில்லை. பலவீனத்தில்தான் தெய்வ பலம் முழுமை பெறும் என்ற பதில்தான் அவருக்குக் கிடைக்கிறது. இதைச் சொன்னவர் கைத்தொழிலாளி. கூடாரம் செய்கிற அவருடைய தொழில் தோல் வேலையாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தோலைத் தொட்டதற்காகவே தீண்டாமை சுமத்தப்பட்ட நாட்டில் இந்தச் செய்தி லேசானதில்லை.

அதே பவுல் முதல் கடிதத்தில் இன்னொன்றையும் கண்டிக்கிறார். திருவிருந்தில் வசதி உள்ளவர் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர் பசியோடு நிற்கிறார். பலவீனர் பலமுள்ளவர் என்ற அவருடைய பேச்சுக்கு அடியில் பந்தி இருக்கிறது, சோறு இருக்கிறது. அதை வெறும் மன ஆறுதலாக மாற்றியது பிற்காலத்தவர் செய்த வேலை.

4

பவுலின் இந்தக் கருத்தை மிகக் கடுமையாகத் தாக்கியவர் நீட்சே. தாக்கியபோது அவர் கையில் இருந்த புத்தகம் எது தெரியுமா? மனுஸ்மிருதி. 1888இல் எழுதி அடுத்த ஆண்டு வெளிவந்த 'விக்கிரகங்களின் அந்தி' நூலில், ழாக்கோலியோ என்ற பிரெஞ்சுக்காரரின் மொழிபெயர்ப்பு வழியே மனுவைப் படித்து, சண்டாளர் பற்றிய விதிகளை விவரிக்கிறார். ஆரிய விழுமியங்களுக்கு எதிராக மிதிபட்டவர்கள் எழுப்பிய கலகம்தான் கிறிஸ்தவம் என்று அதற்குப் பெயர் வைக்கிறார். அவர் அதை வசையாகத்தான் சொன்னார். ட்ரெமென்ஹீர் அறிக்கைக்கு இரண்டே ஆண்டுகள் முன்பு! ஐரோப்பியத் தத்துவவாதி வெறுப்போடு கண்டுபிடித்ததை, நீட்சே என்ற பெயரையே கேள்விப்படாத செங்கல்பட்டுப் படியாள் தன் வாழ்க்கையிலேயே செய்துகொண்டிருந்தார். நீட்சேயையும் மனுவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர் அம்பேத்கர். நம் பின்நவீனத்துவ நண்பர்கள் நீட்சேயைக் கொண்டாடும்போது இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அம்பேத்கர் கிறிஸ்தவத்தையும் சும்மா விடவில்லை. உன் இழிநிலைக்கு முற்பிறவி வினைதான் காரணம் என்று இந்து மதம் சொன்னது. ஜென்ம பாவம்தான் காரணம் என்று கிறிஸ்தவம் சொல்கிறது. இரண்டுமே சூழலைக் குற்றம் சொல்லவில்லை, பிறகு கோபம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிக்க முடியாது. பலவீனத்தில் பலம் என்ற வாக்கியத்துக்குத் தானாக ஓர் அரசியல் கிடையாது. படியாள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது அது நிமிர்வு. அதையே மேலே நின்று ஆயரோ முதலாளியோ அவருக்குச் சொன்னால் அது வாய்ப்பூட்டு. சொல்லாடலைப் பார்ப்பது போதாது. சொல்கிற வாய் யாருடையது என்றும் பார்க்க வேண்டும்.

திருச்சபையின் வரலாறு இந்த இரண்டாவது வகையால் நிறைந்தது. கோயிலுக்குள்ளேயே தனி இருக்கை, தனிக் கல்லறை. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய தேவாலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் இடிபட 1910 ஆனது. 1992இல் 'கருக்கு' எழுதிய பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியேறி வந்தவர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு, கர்நாடக சங்கீதக் கீர்த்தனைகளுக்கு மாற்றாக நாட்டுப்புற மெட்டுகளைக் கொண்டுவந்தார். வழிபாட்டின் மையத்தில் ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதை வைத்தார். பவுல் சொன்ன பந்தியை அவர் திரும்பக் கண்டெடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இவர்கள் சபைக்கு எதிராகச் சபையின் வேதத்தையே எடுத்தவர்கள்.

5

அரசு என்ன செய்தது? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியலையும் பிரிக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. இந்த ஆணையின் தர்க்கத்தைப் பாருங்கள். நீ கிறிஸ்தவனாகிவிட்டாய், ஆகவே உன் பலவீனம் போய்விட்டது என்கிறது. பவுலே சொல்லாத அற்புதத்தைச் சட்டம் சொல்கிறது! முள் எடுக்கப்படவில்லை என்று அப்போஸ்தலர் சொல்ல, எடுத்தாகிவிட்டது என்று அரசாங்கம் சான்றிதழ் கொடுக்கிறது. தெருவில் காலனி ஆள், தாசில்தார் ஆபீசில் பிற்படுத்தப்பட்டவர்.

1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். பெயர்களைக் கவனியுங்கள். துப்பாக்கி எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1892இன் அரசாணைக்காக நூறு ஆண்டு கழித்து உயிர் கொடுத்த இடத்தில் அந்த இரண்டு பெயர்களும் சேர்ந்தே நிற்கின்றன.

6

இப்போது இந்த மண்ணில் வயல் குறைந்து ஆலைகள் பெருகிவிட்டன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் வாடகை அறைகளிலும் தகரக் கொட்டகைகளிலும் ஜெபக்கூட்டங்கள் நடக்கின்றன. தென்மாவட்டப் பெண்கள், வடமாநிலப் பையன்கள், ஒப்பந்தக் கூலிகள். "ஷிப்டு முடிச்சு வந்தா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ஆண்டவர் பலம் குடுத்தாத்தான் நாளைக்கு எந்திரிக்க முடியும்" என்று ஒரு பெண் சொன்னபோது, முதலில் அது எனக்கு முதலாளிக்குச் சாதகமான வாக்கியமாகத்தான் பட்டது. அவரே தொடர்ந்தார்: "லைன்ல நான் ஒரு நம்பரு. இங்க சிஸ்டர்னு கூப்புடுறாங்க."

மறுபடியும் பெயர்தான். நூறு ஆண்டுக்கு முன் ஞானஸ்நானப் பதிவேடு செய்ததை இன்று ஒரு தகரக் கொட்டகை செய்கிறது. ஆனால் 'உன் நோயைத் தாங்கிக்கொள், வசதி தானாக வரும்' என்ற போதனையும் அதே கொட்டகையில்தான் நடக்கிறது. அன்று சேரி மக்கள் மிஷனரியை நிலத்தைப் பற்றிப் பேச வைத்தார்கள். இன்று போதகரைக் கூலியைப் பற்றியும் கழிப்பறை இடைவேளையைப் பற்றியும் பேச வைப்பவர்கள் யார்? 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற சகதொழிலாளிகளுக்காகப் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நோய்ப்பட்ட உடம்பே அங்கு அவர்களைச் சேர்த்து வைத்தது. அவர்களில் யார் எந்தக் கடவுளைக் கும்பிட்டார்கள் என்ற கணக்கு எனக்கு வேண்டாம்.

நம் சங்கத் தோழர்கள் ஜெபக்கொட்டகையைக் கண்டதும் அபின் என்று முகம் திருப்புவதை நிறுத்த வேண்டும். அபின் என்று சொன்ன மார்க்ஸ் அதே பத்தியில் மதத்தைத் துயரத்துக்கு எதிரான குரல் என்றும் சொல்லியிருக்கிறார். தான் மதிப்புள்ளவர் என்று ஒருவர் நம்பத் தொடங்கிய இடம் எதுவோ அங்கே போய் அவரோடு பேச வேண்டும். அந்த நம்பிக்கையைப் பிடுங்கிவிட்டு உரிமை பற்றி வகுப்பெடுத்தால் யாரும் வரமாட்டார்கள். செங்கல்பட்டுச் சேரிகள் கடவுளையும் தர்க்காஸ்து மனுவையும் ஒரே கையில் பிடித்திருந்தன. அவற்றைப் பிரித்துவைத்தது பிறகு வந்த நாம்தான்.