எக்செல் கணக்கில் தொகையோடு சூத்திரத்தையும் காட்டி அச்சிடுவது எப்படி?

செமினி – ஆலயமாக இருந்தாலும், தோட்டத்து மரண சகாய சங்கமாக இருந்தாலும், ஆண்டுக்கூட்டத்தில் கணக்கறிக்கையைக் கையில் வாங்கியதும் எழும் கேள்வி ஒன்றுதான்: “இந்தத் தொகை எப்படி வந்தது?”

எக்செலில் கணக்கு வைக்கும் பொருளாளர்கள் பெரும்பாலும் விடையை மட்டுமே அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். அந்த விடையைத் தந்த சூத்திரம் கணினிக்குள்ளேயே இருந்துவிடுகிறது. அதில் சிறு பிழை இருந்தால், ஒரு சென் கூட எடுக்காத பொருளாளர் மீதும் சந்தேகம் விழும்.

ஓர் உதாரணம். நன்கொடைப் பட்டியலில் 40 பேர். கூட்டுத்தொகைக் கட்டத்தில் உள்ள சூத்திரம் =சம்(சி2:சி41). பிறகு மூவர் தலா 50 ரிங்கிட் தருகிறார்கள். அவர்களின் பெயர்கள் 42 முதல் 44 வரையுள்ள வரிசைகளில் சேர்கின்றன. ஆனால் சூத்திரம் 41-லேயே நின்றுவிட்டால், 150 ரிங்கிட் கணக்கில் வராது. தாளில் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

பெரிய பேராசிரியர்களுக்கும் நேர்ந்தது

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் அரசுக் கடனும் பொருளாதார வளர்ச்சியும் பற்றி 2010-இல் வெளியிட்ட ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற அமெரிக்க மாணவர், அவர்களின் எக்செல் கோப்பையே கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் 30 முதல் 49-ஆம் வரிசை வரை போக வேண்டியது, 44-லேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. ஆய்வில் அவர் சுட்டிய வேறு குறைகளும் உண்டு. ஆனால் இந்தப் பிழை வெளிப்பட்டது, ஒருவர் சூத்திரத்தைத் திறந்து பார்த்ததால்தான்.

திரையில் காட்ட

1. கோப்பை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள்.
2. மேலே உள்ள ‘ஃபார்முலாஸ்’ பகுதிக்குச் சென்று ‘ஷோ ஃபார்முலாஸ்’ என்பதை அழுத்துங்கள்.
3. குறுக்குவழி: ‘கண்ட்ரோல்’ பட்டனோடு, எண் 1-க்கு இடப்பக்கம் ‘எஸ்கேப்’புக்குக் கீழே உள்ள பட்டனை அழுத்துங்கள். மீண்டும் அழுத்தினால் பழைய தோற்றம் வந்துவிடும்.

இதனால் கணக்கு எதுவும் மாறாது. தோற்றம் மட்டுமே மாறும். பத்திகள் அகலமாகும். தேதிகள் எண்ணாகத் தெரியும். 1 ஜனவரி 2024 என்பது 45292 என்று வரும். பதற வேண்டாம். ஒவ்வொரு தாளுக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் ‘வியூ’, ‘ஷோ’, ‘ஃபார்முலாஸ்’ என்ற வழியில் சென்றால் போதும்.

அச்சிட

1. சூத்திரங்கள் திரையில் தெரியும்போதே ‘பேஜ் லேஅவுட்’ பகுதிக்குச் செல்லுங்கள்.
2. தாளைக் கிடைமட்டமாக, அதாவது ‘லேண்ட்ஸ்கேப்’பாக மாற்றுங்கள்.
3. ‘வித்’ என்ற இடத்தில் ஒரு பக்கம் எனத் தேர்ந்தெடுங்கள். அகலமான பத்திகள் ஒரே தாளில் அடங்கும்.
4. ‘ஹெடிங்ஸ்’, ‘கிரிட்லைன்ஸ்’ இரண்டின் கீழும் உள்ள ‘பிரிண்ட்’ கட்டத்தில் குறியிடுங்கள். வரிசை எண்ணும் பத்தி எழுத்தும் தாளில் இல்லாவிட்டால் ‘சி41’ எது என்று யாருக்கும் புரியாது.
5. பிறகு வழக்கம்போல் அச்சிடுங்கள்.

ஒரே தாளில் தொகையும் சூத்திரமும் வேண்டுமென்றால், சாதாரண தோற்றத்திலேயே, பக்கத்துக் கட்டத்தில் =ஃபார்முலாடெக்ஸ்ட்(சி45) என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். சி45-இல் உள்ள சூத்திரம் அங்கே எழுத்தாக வரும். எக்செல் 2013 முதல் இந்த வசதி உண்டு.

எதைப் பார்க்க வேண்டும்?

• கூட்டும் வரம்பு கடைசிப் பெயர் வரை போகிறதா?

• மொத்தத் தொகை வர வேண்டிய இடத்தில் சமக்குறி இல்லாமல் வெறும் எண் இருக்கிறதா? யாரோ சூத்திரத்தை அழித்துவிட்டுக் கையால் தொகையை எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த எண் இனி தானாக மாறாது.

• சாதாரண தோற்றத்திலும் ஒரு கட்டம் மட்டும் சூத்திரத்தையே காட்டுகிறதா? அது ‘டெக்ஸ்ட்’ வடிவத்தில் இருக்கக்கூடும். ‘ஜெனரல்’ என மாற்றி, எஃப்2 அழுத்தி, எண்டர் தட்டுங்கள்.

1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற சங்கங்கள் ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் தங்கள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும். கூட்டத்திற்கு முன்பே சூத்திரத் தாளையும் உட்கணக்காய்வாளரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு பிரதியைச் சங்கக் கோப்பிலும் வையுங்கள். அடுத்த பொருளாளர் பொறுப்பேற்கும்போது, கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.