நடந்து போன சோளம்

மாட்டுக்குத் தானியம் வைப்பது நமக்குப் புதிய செய்தியன்று. உழவு மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பதும், கறவைப் பசுவுக்குப் பிண்ணாக்கும் தவிடும் ஊறவைத்துக் கொடுப்பதும் நம் கிராமங்களில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வழிவழியாக வந்த வழக்கங்கள். ஆயினும் அவை உழைப்புக்கோ பாலுக்கோ செய்கிற உபசாரங்கள். மாமிசத்துக்கென்றே ஒரு மாட்டை வாங்கி, மனிதர் உண்ணத்தக்க தானியத்தை மாதக்கணக்கில் அதன் முன்னே கொட்டி, கொழுக்க வைத்து விற்பதைப் பெரியதொரு தனித் தொழிலாகவே வளர்த்தெடுத்த தேசம் அமெரிக்க ஐக்கிய நாடு. அந்தத் தொழிலின் ஆதியைத் தேடிப் போகிறவன் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒரு மலையடிவாரம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அலிகெனி மலைத்தொடரைக் கடந்து மேற்கே குடியேறிய ஜனங்கள் ஒஹாயோ பிரதேசத்தில் சயோட்டோ ஆற்றங்கரையின் கறுப்பு மண்ணில் மக்காச்சோளத்தை விதைத்தபோது, பூமி அவர்கள் எதிர்பார்த்ததற்கு மேலாகவே விளைந்தது. விளைந்து என்ன பயன்? வாங்குவோர் பால்டிமோரிலும் பிலடெல்பியாவிலும், மலைக்கு அப்பால், கடற்கரையோரத்தில் இருந்தார்கள். ஒரு வண்டிச் சோளத்தை அத்தனை தூரம் கரடுமுரடான மலைப்பாதையில் இழுத்துக்கொண்டு போனால், கிடைக்கிற விலை முழுவதும் வண்டிச் சத்தத்துக்கே போதாது. ஆகவே சோளத்தை வேறு உருவத்தில் அனுப்பினார்கள். ஒரு பகுதியைக் காய்ச்சி விஸ்கியாக்கிப் பீப்பாய்களில் ஏற்றினார்கள். ஒரு பகுதியைப் பன்றிக்குப் போட்டார்கள். எஞ்சியதை மாட்டின் வயிற்றில் ஏற்றி, நான்கு காலில் மலையைத் தாண்ட விட்டார்கள்.

இந்த யுக்தி அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. வர்ஜீனியாவில் பொட்டோமாக் நதியின் தென்கிளைப் பள்ளத்தாக்கில் முன்பே பழகியிருந்த முறை. அதைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். அறுவடையில் கதிரைப் பறிக்காமல், தட்டையோடு வெட்டி, கூம்பு கூம்பாகக் கட்டி வயலிலேயே நிறுத்திவிடுவார்கள். குளிர்காலம் வந்ததும் நாள்தோறும் அந்தக் கட்டுகளை வண்டியில் கொண்டுவந்து, கூரையோ தொழுவமோ இல்லாத திறந்த அடைப்பில் இறைப்பார்கள். மாடுகள் கதிரையும் தோகையையும் தின்னும். மறுநாள் மாடுகளை அடுத்த அடைப்புக்கு மாற்றிவிட்டு, முதல் அடைப்பில் பன்றிகளைத் திறந்துவிடுவார்கள்; சிந்திய மணிகளை மட்டுமல்ல, மாட்டுச் சாணத்தில் செரியாமல் வெளிவந்த சோளத்தையும் அவை ஒன்று விடாமல் பொறுக்கித் தின்று தாமும் கொழுக்கும். அருவருப்பாகத் தோன்றலாம், ஒரு மணியும் வீணாகாத அந்தச் சிக்கனத்தை எண்ணி நான் வியக்கவே செய்கிறேன்.

1805ஆம் ஆண்டில் ஜார்ஜ் ரெனிக் என்பவர் இவ்வாறு கொழுத்த 68 மாடுகளைச் சயோட்டோவிலிருந்து பால்டிமோருக்கு ஓட்டிச் சென்றார். அவ்வளவு தொலைவு நடந்தால் ஏறிய கொழுப்பெல்லாம் வழியிலேயே கரைந்துவிடும் என்பது அயலாரின் அபிப்பிராயமாக இருந்தது. மாடுகள் போய்ச் சேர்ந்தன, லாபத்துக்கு விற்றன. அதற்குப் பின் ஆண்டுதோறும் மந்தைகள் கிளம்பின. கயிற்றில் பிடித்த எருது ஒன்று முன்னே செல்ல, அதன் பின்னால் நீண்ட வரிசை நாளொன்றுக்கு எட்டொன்பது மைல் வீதம் வாரக்கணக்கில் மலையேறிப் போயிற்று.

ரயில் வந்தபோது இந்த வழக்கத்துக்கு ஆதாரமான காரணம் மறைந்துவிட்டது. சோளத்தையே மூட்டையாக அனுப்பியிருக்கலாம். ஆனால் அதற்குள் பழக்கம் வேரூன்றிவிட்டது. ரெனிக் குடும்பத்தைச் சேர்ந்த பீலிக்ஸ் ரெனிக் 1834இல் இங்கிலாந்துக்கே சென்று, சீக்கிரம் சதை பிடிக்கும் குறுங்கொம்பு ஜாதி மாடுகளைக் கப்பலேற்றி வந்திருந்தார். 1865ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று சிகாகோவில் மாபெரும் கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. இரண்டே வருஷங்களில் டெக்ஸாஸின் நீண்ட கொம்பு மாடுகள் கான்ஸாஸிலுள்ள அபிலீனுக்கு நடந்து வந்து ரயிலேறலாயின. எலும்பும் தோலுமாக வந்தவற்றில் பலவற்றை இல்லினாயிலும் அயோவாவிலும் விவசாயிகள் வாங்கி, தம் சோளத்தைப் போட்டுத் தேற்றி, சிகாகோவில் விற்றார்கள். மெலிந்த மாட்டின் விலைக்கும் கொழுத்த மாட்டின் விலைக்கும் உள்ள வித்தியாசமே அவர்கள் ஜீவனம்.

ருசி இதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது என்பதே என் எண்ணம். தானியம் தின்ற மாட்டின் சதையினூடே, சலவைக்கல்லில் ரேகை ஓடுவதுபோல், வெண்கொழுப்பு இழை இழையாக ஓடும். அதுவே உயர்ந்த மாமிசத்துக்கு லட்சணம் என்று உண்போர் நம்பினார்கள். 1927இல் அமெரிக்க விவசாய இலாகா மாமிசத்துக்குத் தர முத்திரை இடத் தொடங்கியபோது, அந்த ரேகைக்கே உயர்ந்த இடம் கிடைத்தது. அந்த முத்திரைக்காக முன்நின்று வாதாடியவர்களில் ஒருவர், கால்நடை வளர்ப்போருக்கான பத்திரிகையை நடத்திய ஆல்வின் சாண்டர்ஸ். சோளம் போட்டு வளர்ப்பவரே சோளம் தின்ற மாட்டுக்கு முதல் தரம் கேட்டால், கேட்டது கிடைப்பதில் என்ன அதிசயம்?

மாட்டின் இரைப்பையை மட்டும் யாரும் கேட்கவில்லை. புல்லுக்கென்று அமைந்த அந்த நான்கு அறைகளில் தானியம் திடீரென்று நிறைந்தால் அமிலம் பெருகி, வயிறு உப்பி, மாடு சாகவும் கூடும். அதனால் முதலில் வைக்கோலை அதிகமாகவும் தானியத்தைக் கொஞ்சமாகவும் வைத்து, நாளுக்கு நாள் விகிதத்தை மாற்றி, சுமார் மூன்று வாரங்களில் முழுத் தானியத்துக்குப் பழக்குவார்கள். காலையில் தொட்டியில் மிச்சம் கிடக்கிறதா, நக்கித் துடைத்திருக்கிறதா என்று பார்த்தே அன்றைய அளவைத் தீர்மானிக்கும் கண்தான் இத்தொழிலின் வித்தை. கொலராடோவின் கிரீலியில் 1930களில் வாரன் மான்போர்ட் வருஷம் முழுவதும் மாடு கொழுக்க வைக்கும் முறையைக் கைக்கொண்டார். அறுபதுகளின் இறுதிக்குள் அவர் குடும்பத்துப் பட்டி ஏறத்தாழ ஒரு லட்சம் மாடுகளைக் கொள்ளுமளவு பெருகியது. மாடு இன்னும் சீக்கிரம் கொழுக்கட்டும் என்று தீவனத்தில் கலக்க 1954இல் அனுமதி பெற்ற ஒரு செயற்கை ஹார்மோன், புற்றுநோய் அச்சத்தால் 1979இல் தடை செய்யப்பட்டது.

இதற்கிடையே தொழில் தெற்கே நகர்ந்தது. கொலராடோ விவசாயி பிராங்க் ஸைபாக் 1952இல் உரிமம் பெற்ற, ஒரு மையத்தைச் சுற்றி உருண்டு நீர் தெளிக்கும் யந்திரம் பரவவே, டெக்ஸாஸின் வறண்ட வடபகுதியில் ஓகலாலா நிலத்தடி நீரை இறைத்து வட்ட வட்டமாகப் பயிரிட்டார்கள். அங்கே விளைந்தது பெரும்பாலும் மக்காச்சோளமன்று, சோளம். ஆப்பிரிக்காவில் பிறந்து நம் கரிசல் காட்டிலும் காலங்காலமாக விளைகிற அதே வெறுஞ்சோளம். விளைவதைத் தின்ன மாட்டுப் பட்டிகள் அதன் பக்கத்திலேயே எழுந்தன. பிற்பாடு நிலத்தடி நீர் இறங்க இறங்க, பட்டிகள் பெருகப் பெருக, உள்ளூர் விளைச்சல் பற்றாமற்போயிற்று. இன்று மத்திய மேற்குப் பிரதேசத்து மக்காச்சோளம் முழு ரயில் வண்டிகளாக நூற்றுக்கணக்கான மைல் பிரயாணம் செய்து, அந்தப் பட்டிகளில் நின்ற இடத்தில் நிற்கும் மாடுகளிடம் வந்து சேருகிறது.