ஐஸ் ஹவுஸும் சாரதா லேடீஸ் யூனியனும்

சாரதா லேடீஸ் யூனியன், சகோதரி ஆர். எஸ். சுப்பலட்சுமி 1912-இல் சென்னையில் தொடங்கிய மகளிர் சங்கம். பெண்கள் கூடிப் பேசவும் படிக்கவும் உருவான இச்சங்கத்தோடு, இளம் விதவைகளுக்கான சாரதா இல்லமும் வளர்ந்தது.

சுப்பலட்சுமி (1886–1969) சிறுவயதிலேயே கணவரை இழந்தவர். தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் முடக்காமல் படிக்க வைத்தார். 1911-இல் சுப்பலட்சுமி மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்து, எழும்பூரில் தந்தையின் வீட்டிலேயே நான்கு சிறுமிகளுடன் இல்லம் தொடங்கியது. தாமும் விதவையான சித்தி வாலாம்பாள் உடன் நின்றார். தலை மழித்து, நார்மடி உடுத்தி அடுக்களை இருட்டில் ஒடுங்குவதே விதவைகளின் விதி என்றிருந்த காலம் அது. இந்த இல்லத்திலோ அவர்கள் கைக்குப் புத்தகம் வந்தது.

சிறுமிகள் பெருகப் பெருக இடம் போதவில்லை. இல்லம் திருவல்லிக்கேணிக்குப் பெயர்ந்தது. பிறகு கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸுக்கு வந்தது.

ஐஸ் ஹவுஸ் 1842-இல் எழுந்தது. அமெரிக்க வணிகர் ஃப்ரெடரிக் டியூடர், மாசசூசெட்ஸ் குளங்களில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூள் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பினார். அதைச் சென்னையில் சேமிக்கவே இந்தக் கிடங்கு. உள்ளூரிலேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரானதும் அந்த வணிகம் படுத்தது. கட்டடத்தை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், அடைத்துக் கிடந்த கிடங்குக்குச் சன்னல்களும் தாழ்வாரங்களும் வைத்து வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் இங்கே தங்கினார்.

1917-இல் அரசு இதை விதவையர் விடுதிக்காக வாங்கியது. வட்டமாக வளைந்த முகப்புக்குப் பின்னே, கடற்காற்று வீசும் அறைகளில் மாணவிகள் தங்கிப் படித்தார்கள். பலர் ஆசிரியைகள் ஆனார்கள். பெண்களுக்கான லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1922-இல் தொடங்கியபோது, அதன் முதல் முதல்வர் சுப்பலட்சுமியே.

சங்கத்தின் பணி ஒரு கட்டடத்தோடு நிற்கவில்லை. 1920-களில் அது சாரதா வித்யாலயாவை நிறுவியது. 1938-இல் அப்பள்ளியை இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தது. மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளி 1956-இல் தொடங்கியதிலும் சுப்பலட்சுமிக்குப் பங்குண்டு. 1958-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ஐஸ் ஹவுஸுக்கு 1963-இல், விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி, விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டப்பட்டது. 1997-இல் இராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டு, இன்று கண்காட்சிக்கூடமாக இருக்கிறது. மெரினாவுக்குப் போகிறவர்கள் அந்த முகப்பின் முன் சற்று நிற்கும்போது, சுவாமியின் ஒன்பது நாள்களோடு, அங்கே எழுத்துக் கற்று வெளியேறிய பெண்களையும் நினைக்க வேண்டும்.